வாழைப்பழ வாசனை வந்தால்

முகமூடிக்குள் வாழைப்பழ வாசனை வந்தால்
கையைத் தூக்கு என்பேன்.
அவ்வளவுதான் என் பரீட்சை.
சின்னக் குப்பியில் எசன்ஸ்,
தலைக்கு மேல் ஒரு பாலிதீன் கூடாரம்.
பதினோரு பேர் தேறினார்கள்.
ஜும்பெர் கை தூக்கினான்.

தாடி.

ராச்சா மலையிடுக்கில், ஆற்றுக்கு ஐம்பது அடி மேலே,
சோவியத் போன பின் பூட்டக்கூட ஆளில்லாமல்
விட்டுப்போன ஆலை இது.
பீப்பாய் துருத்து, கூரை சரிந்து,
தரையெங்கும் வெள்ளைப் பாஷாணம்.
பார்த்தால் மாவு. வாசனை கிடையாது, ருசி கிடையாது.
மாடு நக்கினால் மாடு போச்சு.
அதை வாரி, மூட்டை கட்டி,
கான்கிரீட் குழிக்குள் இறக்குகிறோம்
இந்தக் கோடை முழுக்க.

நான் மக்வாலா.
வேலி, வாளி, சோப்பு, காற்றடிக்கும் திசை
எல்லாம் என் பொறுப்பு.
சிகரெட்டைக் காதிடுக்கில் செருகாதே.
பூட்ஸோடு வண்டி ஏறாதே.
உள்ளே போட்ட சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகாதே,
அதைத் துவைக்கும் தொட்டியில்தான்
உன் குழந்தையும் குளிக்கிறது.
சொன்னதையே சொல்லிச் சொல்லி
எனக்கு வந்த பட்டப்பெயர் மாமியார்.

"மழித்துவிட்டு வா" என்றேன்.
ஜும்பெர் பேசவில்லை.
மற்றவர்கள் குனிந்து பூட்ஸ் கயிற்றைப் பார்த்தார்கள்.
பிறகு ஓதியாதான் சொன்னான்:
அண்ணன் மெராபி செத்துப் பதினேழு நாள்.
நாற்பது ஆகும்வரை கத்தி படக்கூடாது.

எனக்குத் தெரியாதா அந்த வழக்கம்?
என் அப்பாவுக்காகத் தம்பி வளர்த்தானே.
ஆனால் மயிரிழையில் தப்பினான் என்கிறோம்,
மயிரிழை போதும் இது நுழைய.
துக்கத்துக்கு நெகிழத் தெரியாது
ரப்பர் விளிம்புக்கு.

ஒப்பந்தக்காரருக்கு போன் போட்டேன்.
தாடி இருந்தாலும் போடக்கூடிய தலைக்கவசம் உண்டு,
இடுப்பில் பேட்டரி, பின்னால் சிறு விசிறி.
மார்ச்சிலேயே பட்டியலில் எழுதியிருந்தேன்.
"ஒருத்தனுக்காகவா?" என்றார்.
"வேலிக்கு வெளியே வேலை கொடு. அரைக் கூலி."

மறுநாள் விடியலில்
மழித்த முகத்தோடு வந்து நின்றான்.
பழைய பிளேடு போலும்.
தாடை நெடுக ஏழெட்டுக் கீறல்,
ஒவ்வொன்றிலும் ஒட்டிய காகிதத் துணுக்கு.

கீறல் வழியாகவும் போகும் அது.
எப்படிச் சொல்ல? சொன்னேன்.
"ஆறுகிற வரை உள்ளே விடமாட்டேன்."

வெறித்துப் பார்த்தான்.
அடிக்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன்.
சிரித்தான்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை,
சிரிப்பு நின்ற பிறகும் நீர் நிற்காமல்.
"மெராபி இருந்திருந்தால்
இதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பான்."

ஐந்து நாள் வாசலில் உட்கார்ந்து
வெளியே வருகிறவர்களின் பூட்ஸ் கழுவினான்.
கழுவிய நீர் ஒரு சொட்டு ஆற்றுக்குப் போகாமல்
பீப்பாயில் பிடித்தான்.
ஓதியாவை இரண்டு முறை திருப்பி அனுப்பினான்,
இடது காலின் அடியில் சேறு என்று.
அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் வந்தது.
இங்கே எழுத முடியாது.

கூலிப் பதிவேட்டில் ஐந்து நாளும்
'உள்ளே' என்று போட்டேன்.
என் வாழ்வில் நான் எழுதிய பொய்க் கணக்கு அது ஒன்றுதான்.
இரண்டாவதும் உண்டு, அது வேறு கதை.

ஆறாம் நாள் மறுபடி கூடாரம், குப்பி.
வாசனை?
இல்லை.
தலையை இப்படி அப்படித் திருப்பு. இப்போது?
இல்லை.
போனான்.

நாற்பதாம் நாள் விருந்து,
ஆலையின் காற்று எட்டாத மேட்டில்.
நான் சொல்லாமலே கை கழுவினார்கள், முழங்கை வரை.
பீன்ஸ், மீன், கறுப்பு ஒயின்.
குதாயிசியிலிருந்து வந்த மைத்துனி
பையைத் திறந்து ஒரு சீப்பு எடுத்து
முதல் பழத்தை உரித்தாள்.

மேசை நெடுக
பன்னிரண்டு கைகள் மேலே போயின.
அவள் பயந்துபோய்ப் பழத்தைக் கீழே வைத்தாள்.
ஜும்பெரின் கையில் மட்டும்
கோப்பை இருந்தது.